உள்ளே இழுபட்ட வட்டா

“அந்தப் பெண் சொன்னது அவ்வளவுதானா? உனக்கு நிச்சயமாகத் தெரியுமா?”

ஹென்ரிக் இதை ஆங்கிலத்தில் கேட்டபோது எனக்கு முகம் சுட்டது. அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே சொல். ஒன்று ‘வாங்க’, மற்றது ‘போதும்’. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, வாய் திறந்த நாளிலிருந்து தமிழ் கதைக்கிற என்னைச் சந்தேகப்படுகிறார்.

“நிச்சயமாகத் தெரியும். சம்மதம் என்கிறார்,” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். எழுதும்போதும் அவர் கண் கடதாசியில் இல்லை, எங்களுக்கு முன்னால் தொங்கிய சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருதமுனையில் கடற்கரைப் பக்கத்து வளவு அது. பெரிய சூறாவளி அடித்து ஏழெட்டு மாதம் இருக்கும். காற்று அந்த வீட்டின் கூரையையும் சுவரையும் கொண்டுபோய்விட்டது. சிமெந்துத் தரை மட்டும் அப்படியே கிடந்தது. அந்தத் தரையின் மேலேயே நாலு கம்பை நட்டு, தென்னங்கிடுகு கட்டி, றஹ்மா ராத்தா தன் நாலு வயது மகளோடு இருந்தார். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். இவர் எனக்குச் சொந்த அக்கா இல்லை. ஆனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ராத்தா.

அவருடைய கணவர் காய்ச்சலில் மௌத்தாகி இரண்டு மாதம். ராத்தா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அதனால் குடிலின் நடுவே நீலக் கோடு போட்ட ஒரு கட்டில் விரிப்பு தொங்கியது. தரைக்கும் சீலைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. ராத்தா உள்ளே, நாங்கள் வெளியே.

வெளியே மூன்று கதிரைகள். ஒன்றில் ஹென்ரிக், ஒன்றில் ராத்தாவின் மூத்த அண்ணன் இஸ்மாயில் காக்கா, ஒன்றில் நான்.

கேள்வி ஒன்றுதான். புயலில் வீடு இழந்தவர்களுக்கு உதவ வந்த ஹென்ரிக்கின் ஆட்கள் ஓட்டுக் கூரையோடு ஓர் அறை கட்டித் தருவார்கள். அதை எங்கே கட்டுவது? இந்த வளவிலா, நற்பிட்டிமுனையில் இஸ்மாயில் காக்கா வாங்கி வைத்திருக்கும் காணியிலா?

“கடல் ஒருக்கா வந்திட்டுது. இனியும் வரும். அங்க எண்டா நான் பக்கத்துல இரிப்பன்,” என்றார் காக்கா. அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கலியாணம் முடித்து அந்த ஊருக்குப் போனவர், வயல் செய்கிறவர், தங்கச்சிக்கு நெல் அனுப்புகிறவர்.

நான் சீலையைப் பார்த்துக் கேட்டேன். உள்ளே பித்தளை சிமெந்தில் உரசுகிற சத்தம் கேட்டது. சீலைக்குக் கீழே வெற்றிலை வட்டாவின் விளிம்பு நகம் அளவுக்கு எட்டிப் பார்த்தது. மறுபடி அதே உரசல். விளிம்பு மறைந்துவிட்டது.

“காக்கா சொன்னாச் சரிதான்,” என்று ராத்தாவின் குரல் வந்தது.

“என்ன சத்தம் அது?” என்று ஹென்ரிக் என்னிடம் கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன்.

கதிரை

எனக்கு இந்த மொழிபெயர்ப்பு வேலை கிடைத்த விதத்தை இந்தப் பத்தியில் முன்பே ஒரு கிழமை எழுதிவிட்டேன். அப்போது ஒன்றை மட்டும் எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். எனக்கு அந்த வேலையில் சம்பளத்தை விடப் பிடித்தது கதிரை.

எங்கள் குடும்பத்தில் பேனை பிடித்த முதல் ஆள் நான். வாப்பா பெருவிரல் மை வைப்பவர். உம்மாவுக்குக் குர்ஆன் ஓத வரும். தன் பெயரைத் தமிழில் எழுத வராது. கல்முனைப் பாடசாலையில் வெள்ளை உடுப்புச் சகோதரிகளிடம் நான் ஆங்கிலம் படித்தேன். படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டவர்கள், நான் வெள்ளைக்காரருக்கும் ஊராருக்கும் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்ததைப் பார்த்தபிறகு வாய் திறக்கவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் ஆண்கள் வெளியே இருப்பார்கள். பெண்கள் கதவுக்குப் பின்னால், அல்லது பாயில். நான் மட்டும் கதிரையில். மடியில் பலகை, பலகையில் படிவம். ஜீப் ஓட்டியவர் உம்மாவின் தம்பி, என் சொந்த மாமா. அதனால்தான் வாப்பா விட்டார். மாமா வாசலில் நின்று, “இரி புள்ள, நல்லா நிமிந்து இரி,” என்பதுபோல என்னைப் பார்ப்பார்.

நான் பெண். சீலைக்கு இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம். அந்தக் குடிலில் நின்றவர்களில் அப்படிப்பட்டவள் நான் ஒருத்திதான். இது அன்று என் புத்தியில் வரவே இல்லை. கதிரை இருந்தது, உட்கார்ந்தேன்.

எழும்புகிற மனிதர்

ஹென்ரிக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வருடத்தில் பாதி நாள் பனி கிடக்கிற ஏதோ ஒரு நாட்டிலிருந்து வந்தவர். நெடுவல். வெயிலில் காது மட்டும் சிவக்கும்.

முதல் கிழமை பாண்டிருப்புக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரி தேத்தண்ணித் தட்டோடு வாசற்படிக்கு வந்தார். ஹென்ரிக் சட்டென்று எழும்பி நின்றார். வந்த விருந்தாளி எழும்பினால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம்? போகப்போகிறார். வீட்டுக்காரர் பதறிப்போய், “இரிங்க, இரிங்க, தேத்தண்ணி வருது,” என்றார். ஆம்பிளைகள் ஏதோ அவசரமாகக் கதைக்கிறார்கள் என்று நினைத்த அந்தப் பெண் தட்டோடு திரும்பிவிட்டார். ஹென்ரிக் உட்கார்ந்தார். பெண் மறுபடி வந்தார். இவர் மறுபடி எழும்பினார். மூன்றாம் முறை தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது.

பெண் வந்தால் எழும்புவது அவர்கள் நாட்டில் மரியாதையாம். ஜீப்பில் அவர் சொன்னபோது மாமா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

வெற்றிலையிலும் அவர் மாட்டிக்கொண்டார். ஒரு வீட்டில் நீட்டிய வட்டாவிலிருந்து எடுத்து மென்று, சாறு முழுவதையும் விழுங்கிவிட்டு, தலைசுற்றிப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு வட்டாவைக் கண்டால் நெஞ்சில் கை வைத்து, “போதும், போதும்,” என்பார். தொடாமலே போதும் என்கிறவரைப் பார்த்துப் பெண்கள் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

இந்த மனிதருக்கு எங்கள் ஊரில் ஒன்றும் விளங்காது என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். எனக்கு எல்லாம் விளங்கும் என்பதும் அந்த முடிவுக்குள்ளேயே இருந்தது.

ஜீப்பில்

றஹ்மா ராத்தாவின் வீட்டிலிருந்து திரும்பினோம். கல்முனைச் சந்தி நெருங்கும்போது, நான் ஒன்று கேட்கலாமா என்றார் ஹென்ரிக்.

மற்ற எல்லா வீட்டிலும் கதை முடிய அந்தப் பித்தளைத் தட்டு வெளியே வந்தது. இந்த வீட்டில் வந்ததும் உள்ளே போய்விட்டது. நான் வெற்றிலை வேண்டாம் என்று சொல்கிறவன் என்று ஊரெல்லாம் கதை போய்விட்டதா? அந்தப் பெண்ணின் மனதை நான் நோகச் செய்துவிட்டேனா? மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயெடுத்தவள் பாதியில் நின்றேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பெரியம்மாவின் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். ஆண்கள் வெளியே, பெண்கள் உள்ளே. நான் உள்ளே பெரியம்மாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டிருந்தேன். வெளியே வயல், தண்ணீர், மாட்டு விலை என்று கதை போனது. பெரியம்மாவின் முன்னால் வட்டா இருந்தது. வெற்றிலை அடுக்கி, பாக்கு வெட்டி, சுண்ணாம்பு வைத்து எல்லாம் சரி. பெரியம்மா அதைத் தொடவே இல்லை. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள். வட்டா வரவில்லை. ஸலாம் சொல்லி எழும்பிப் போனார்கள். ஒருவரும் வாயால் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. ஒருவருக்கும் கோபமும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பெரியப்பாவும் அவர்களும் ஒன்றாகவே பள்ளிவாசலுக்குப் போனார்கள்.

வட்டா வராவிட்டால் சம்மதம் இல்லை. இது எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தராமல் தெரிந்த விஷயம். அன்று அது எங்கே போயிருந்தது?

அத்தோடு இன்னொன்றும் வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. உம்மாவின் வீடு மகளுக்குப் போகும்; மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். காக்காவின் காணியில் எழும்புகிற வீடு நாளைக்குக் காக்காவின் மகள்மாருக்கு. றஹ்மா ராத்தாவின் பிள்ளைக்கு என்ன இருக்கும்? காக்கா இதை நினைத்துத்தான் கேட்டாரா, நினைக்காமலே கேட்டாரா, எனக்குத் தெரியாது.

ஹென்ரிக் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை என்று மட்டும் சொன்னேன். படிவம் எப்போது கொழும்புக்குப் போகும் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை என்றார்.

அன்று வெள்ளி. அந்த இரவும் சனி முழுவதும் நான் வாய் திறக்கவில்லை. என்ன சொல்வது? ராத்தா சம்மதம் என்றுதானே சொன்னார். சொல்லுக்குச் சொல் சரியாகத்தானே ஆங்கிலத்தில் சொன்னேன். பிழை எங்கே இருக்கிறது என்று எனக்கே பிடிபடவில்லை.

சீலைக்கு அங்கால்

ஞாயிறு பின்னேரம் தனியே போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஸலாம் சொல்லி, சீலையைத் தூக்கி உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தேன். ராத்தா வெள்ளைச் சேலையில் இருந்தார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் ஜீப் நின்றபோது அந்தத் தறிச் சத்தமும் நின்றது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் யாரோ காது கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

“அண்டைக்கு வட்டாவ உள்ளுக்கு இழுத்த நீங்கதானே ராத்தா?”

“ஓம்.”

“ஏன் இழுத்த?”

“பாக்கு முடிஞ்சிரிந்திச்சி. வெறும் வெத்திலைய மனிசருக்கு வெக்கேலுமா?”

இதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்தது. உடனே வெட்கமும் வந்தது. இவ்வளவுதானா? பாக்கு இல்லாததை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தூங்காமல் இருந்தேனா? வந்த வேலை முடிந்தது என்று எழும்பப் பார்த்தேன்.

ராத்தா இரு என்று சொல்லவில்லை. போயிட்டு வா என்றும் சொல்லவில்லை. அவருடைய வலது கை தரையில் இருந்தது. உள்ளங்கையால் சிமெந்தைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் மட்டும் தரை வழவழவென்று கறுத்திருந்தது.

திரும்பவும் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியாததால் ஒன்றும் கேட்கவில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு வீட்டில் நான் கேள்வி கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. தறி ஓடியது. பிள்ளை புரண்டு படுத்தது.

“இது என்ட உம்மா போட்ட தர,” என்றார் ராத்தா. “காத்துக்கும் அசையல்ல.”

நானும் கையை நீட்டித் தரையைத் தொட்டுப் பார்த்தேன்.

“அண்டைக்கு வட்டாட சத்தம் ஒனக்குக் கேட்டிச்சா?”

“கேட்டிச்சி.”

“வெள்ளைக்காரன் ஒன்னப் பாத்து ஏதோ கேட்டானே. நீ என்ன சொன்ன?”

“ஒண்டுமில்ல எண்டு சொன்னன்.”

ராத்தா சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் ஆடியது. “ஒண்டுமில்லயா,” என்றார். பிறகு தோள் ஆடியது நின்றது. அது சிரிப்பாகவே முடிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிவிட்டார்.

“இஞ்சதான் கட்டணும் எண்டு எழுதுவமா?” என்று கேட்டேன்.

“காக்காக்கு மாறி நான் கதைக்க ஏலாது. ரெண்டு மாசமா அவர் அனுப்புற நெல்லத்தான் திங்கிறன். பிழை என்னில இரிக்கப்படாது.”

“அப்ப ஆரில இரிக்கிற?”

அவர் என்னைப் பார்த்தார்.

“நான் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லு புள்ள.”

“நான் சரியாத்தான் ராத்தா சொன்னன். நீங்க சொன்ன சொல்லத்தான் சொன்னன்.”

“ஓம்,” என்றார். “நீ சரியாத்தான் சொன்ன.”

அவருடைய கை மறுபடி தரைக்குப் போய்விட்டது.

பாக்கு உண்மையிலேயே முடிந்திருந்ததா என்று அவரிடம் திரும்பக் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை

என்னிடம் இருந்தது ஒரே ஒரு பெயர்தான்: இங்கிலீசு தெரிந்த பிள்ளை. அதற்காக வாப்பா ஊரின் ஏச்சை எல்லாம் கேட்டுக்கொண்டு என்னைப் படிக்க விட்டார். பிழையாகச் சொன்னேன் என்று என் வாயாலேயே சொன்னால் மறுநாள் அது சந்தை வரைக்கும் போகும். சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை படிவம் போகும். அந்தத் தரை வெறும் தரையாகக் கிடக்கும்.

காலையில் ஜீப்பில் ஏறியதும் ஹென்ரிக்கிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை நான் மொழிபெயர்த்தது பிழை. திரும்பப் போய்க் கேட்க வேண்டும்.

அவர் கோபப்படவில்லை. ‘நினைத்தேன், நினைத்தேன்’ என்று தலையாட்டினார். அந்தப் பெண்ணைச் சீலைக்குப் பின்னால் அடைத்து வைத்திருப்பது தனக்கு அன்றே பிடிக்கவில்லை என்றார். அடைத்து வைக்கவில்லை, அது அவருடைய இத்தா, அவரே விரும்பி இருப்பது என்றேன். அவர் விளங்கியதுபோல ‘சரி’ என்றார். விளங்கவில்லை. சத்தம் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்கிறது. அர்த்தம் முழுதும் வேறு. எனக்கு அர்த்தம் எல்லாம் தெரிந்திருந்தும் சத்தம் கேட்கவில்லை. எங்கள் இருவரில் யாருடைய பிழை பெரிது என்று யோசித்தேன், முடிவு வரவில்லை.

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். விஷயம் அவருக்கு எப்படியோ பிடிபட்டிருந்தது.

“நாலு மனிசருக்கு முன்னால இதச் சொல்லப் போறியா? ஒன்ட இங்கிலீசத்தான் பிறகு ஊரெல்லாம் கதைக்கிற.”

“ஓம் மாமா. நீங்க ஓட்டுங்க.”

இஸ்மாயில் காக்காவுக்கு முதலே ஆள் அனுப்பியிருந்தோம். நாங்கள் போகும்போது அவர் வந்து உட்கார்ந்திருந்தார். வயலிலிருந்து நேரே வந்தவர். காலில் சேறு காய்ந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் வேலியோரம் நின்றார்கள். தறிச் சத்தம் நின்றது.

நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“காக்கா, வெள்ளிக்கிழமை நான் பிழையாச் சொல்லிப்போட்டன். ராத்தா சொன்ன ஒண்டு, நான் இங்கிலீசில சொன்ன வேற. திரும்ப ஒருக்காக் கேக்கணும்.”

வேலியில் நின்ற ஒருவர் இருமினார்.

“எங்கட ஊட்டுக் கதைய எங்களுக்கே மாத்திச் சொல்ல ஒரு படிப்பா,” என்றார் காக்கா. வேலியோரம் சிரிப்புக் கேட்டது. காக்கா சிரிக்கவில்லை. அன்று தங்கச்சி தமிழில்தான் சொன்னார்; தன் காதாலேயே கேட்டவர் அவர். என் ஆங்கிலம் எப்படிப் போனால் என்ன, அந்தத் தமிழ் அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை.

சீலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சீலைக்குக் கீழே தெரிகிற ஒரு சாண் சிமெந்தையும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, தப்பித்த நிம்மதியா, எனக்குப் பிடிபடவில்லை.

“சரி. கேளு,” என்றார்.

ஹென்ரிக் என் கதிரையைத் தூக்கி என் பக்கமாக வைத்தார். பெண் நிற்கும்போது அவரால் உட்கார முடியாது, பாவம்.

நான் அதைக் கடந்து, செருப்பைக் கழற்றி, சீலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். வெளியே யாரோ ஏதோ சொன்னார்கள். ராத்தா பாயில் ஒதுங்கி இடம் விட்டார். அவர் பக்கத்தில், அந்தக் கறுத்த இடத்துக்கு நேரே உட்கார்ந்து, படிவத்தை முழங்காலில் விரித்தேன்.

வட்டா எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. எட்டிப் பார்த்தேன். பாக்கு நிறைய வெட்டி வைத்திருந்தது.

“இனிக் கேளுங்கள்,” என்று சீலைக்கு வெளியே ஆங்கிலத்தில் குரல் கொடுத்தேன்.